ஊடு என்னுது, பூட்டு யாருது?

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி மில்லில் இருபத்தாறு வருஷமாக மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். ஸ்பானர் பிடிக்கிற கைக்குப் பேனா பிடிப்பது பேஜாரான வேலை. ஆனால் எங்கள் மில் சோனியா கிரேன் ஏறிய கதையை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். மேனேஜர் பாவம் பார்த்து சீட் கொடுத்தார் என்கிறான் ஒருத்தன். கம்ப்யூட்டரில் கேம் ஆடி ஆடியே பாஸ் பண்ணினாள் என்கிறான் இன்னொருத்தன். ரெண்டும் பொய். அந்தக் கேம் அவளுக்குத் தேவைப்பட்ட நேரத்தில் திறக்கவே இல்லை. திறக்காமல் போனதற்கு நான்தான் காரணம். அதனால் நானே எழுதுகிறேன்.

சோனியாவுக்கு வயது முப்பத்தேழு. சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் காலனிதான். அவள் அப்பா அடுத்தவன் வயலில் நாற்று நட்டவர். இவள் பிளஸ் டூ பாஸ். கல்யாணம் ஆகி, ரெண்டு பிள்ளை பெற்று, அதன் பிறகு மில்லுக்குக் கான்ட்ராக்ட்டில் வந்தாள். புருஷன் ராபின் அத்திப்பட்டு பவர் பிளான்ட்டில் கான்ட்ராக்ட் ஃபிட்டர்.

மில்லில் அவளுக்குக் கொக்கி மாட்டும் வேலை. லாரியில் வந்து இறங்கும் இரும்புக் கட்டைகளுக்குச் சங்கிலி சுற்றி, கிரேன் கொக்கியில் மாட்டி, விசில் ஊதிக் கையைக் காட்டுவாள். மேலே கேபினில் இருப்பவன் தூக்குவான். கேட்க சுலபமாக இருக்கும். மூன்று டன் இரும்பு தலைக்கு மேலே தொங்கும்போது, கிரேன் நின்றாலும் லோடு நிற்காது. ஊஞ்சல் மாதிரி முன்னே ஓடும், பின்னே வரும். மேலே இருப்பவன் மடையனாக இருந்தால் கீழே இருப்பவளுக்குத்தான் ஆபத்து. ஒன்பது வருஷம் அப்படி அண்ணாந்து பார்த்தபடியே வேலை செய்தாள். எந்த ஆபரேட்டர் கையில் லோடு எத்தனை முறை ஆடும் என்று கேட்டால் தூக்கத்தில் கூடச் சொல்வாள்.

போன வருஷம் ஜனவரியில் மேனேஜர் ஒரு அறிவிப்பு போட்டார். டிசம்பரில் ஒரு ஆபரேட்டர் ரிட்டையர் ஆகிறார், அந்த சீட்டுக்கு மில்லில் இருப்பவர் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம், டெஸ்டில் தேறினால் வேலை. சோனியா பெயர் கொடுத்தாள்.

மெயின் ஆபரேட்டர் பாக்கியராஜ் கேன்டீனில் எல்லார் எதிரிலும் கேட்டான்.

"இன்னா சோனியா, மேல ஏணி செங்குத்தா இருக்கும். தலை சுத்துமே?"

"உங்க லோடுக்குக் கீழ ஒம்பது வருஷம் நின்னேனே ண்ணா, அதுக்கே சுத்தல."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பாக்கியராஜ் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவளைக் கேபின் பக்கம் அண்ட விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அரை மணி பழகிக்கொள்கிறேன் என்று கேட்டாள். சேஃப்டி என்றான். லீவு நாளில் கேட்டாள். ஆள் இல்லை என்றான்.

சரி போ என்று அவள் வேறு வழி பார்த்தாள். மில் ஆபீசில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்டியபோது ஒன்றை வாங்கிப் போட்டாள். கிரேன் ஓட்டும் கேம் ஒன்று வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் விற்கிறான் என்று எங்கேயோ பார்த்திருக்கிறாள். லாரி மேல் நிற்கும் கிரேன், துறைமுகக் கிரேன், எங்கள் ஷெட்டில் ஓடுவது போலவே கூரைக் கிரேன், எல்லாம் அதில் உண்டு. முழுப் பணமும் கட்டி வாங்கினாள். சி.டி. கிடையாது, டப்பா கிடையாது, நெட்டில் இறங்குவதுதான். செல்போன் நெட்டை வைத்து மூன்று நாள் இறக்கினாள். 'நெட் இல்லாமலும் ஆடலாம்' என்று அதிலேயே எழுதியிருந்ததாம். அதைப் பார்த்துத்தான் வாங்கினாள். எங்கள் காலனியில் வீட்டுக்கு வீடு நெட் கம்பி கிடையாது.

ஆடுவதற்கு ரெண்டு கைக்கும் ரெண்டு ஸ்டிக், கிரேன் லீவர் மாதிரியே. பதினோரு மாதம், தினமும் வேலை முடிந்து சோற்றை வடித்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்காருவாள். ஒருநாள் அவள் வீட்டு ஃபேன் ரிப்பேருக்குப் போனபோது பார்த்தேன். திரையில் லோடு ஆடுகிறது, இவள் ஸ்டிக்கை லேசாகத் தட்டி நிறுத்துகிறாள்.

"பொம்மைம்மா இது. இதுல கத்துக்கினு நெசக் கிரேன் ஓட்டிடுவியா?" என்றேன்.

"பொம்மையாவது என்னை உக்கார வுடுதே ண்ணா."

நான் ஃபேனைக் கழற்றினேன்.

டிசம்பர் முதல் வாரம் புயல் வந்தது. ரெண்டு நாள் விடாத மழை. மில் யார்டில் முழங்கால் தண்ணீர். கரண்ட் போச்சு, செல் டவர் போச்சு. வியாழக்கிழமைதான் கரண்ட் வந்தது. அன்றைக்கு மில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். திங்கள் காலை மில் திறக்கும். இரும்பு காய்ச்சும் அடுப்பு சூடேற ஆறு மணி நேரம் ஆகும், அதுவரை கிரேனுக்கு வேலை இல்லை, அந்த நேரத்தில் ஆபரேட்டர் டெஸ்ட். நான் போய் சோனியாவிடம் சொன்னேன்.

அவள் கம்ப்யூட்டரைப் பரணில் ஏற்றி வைத்து தார்ப்பாய் போட்டு மூடியிருந்தாள். "ண்ணா, ஒரு வாரமா கை தொடல. ஈரம் ஏறி இருக்குமோன்னு பயமா கீது. ஆன் பண்றதுக்கு முன்னாடி ஒருவாட்டி பாத்துக் குடுங்க" என்றாள்.

இங்கேதான் நான் செய்த காரியம். எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. எந்த மிஷினைத் திறந்தாலும் அதற்குள் கரண்ட் தருகிற எதுவும் உயிரோடு இருக்கக் கூடாது. மெயினை இறக்கி, அதில் நம் சொந்தப் பூட்டை மாட்டி, பெயரும் தேதியும் எழுதிய சிவப்பு அட்டையைக் கட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் உள்ளே இறங்க வேண்டும். அந்தப் பூட்டை மாட்டினவன் தவிர வேறு எவனும் திறக்கக் கூடாது. மேனேஜரே வந்தாலும் சரி. இருபத்தாறு வருஷமாக என் பத்து விரலும் ஒழுங்காக இருப்பது அந்தச் சட்டத்தால்தான்.

அதே புத்தியில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். உள்ளே பலகையில் பட்டன் மாதிரி ஒரு வெள்ளிப் பேட்டரி மினுமினுத்தது. அதையும் நெம்பி எடுத்தேன்.

"அது எதுக்கு ண்ணா?" என்றாள் சோனியா.

"பேட்டரின்னா பேட்டரிதான். ஈரத்துல ஒரு பொட்டுக் கரண்ட் போதும், பலகை புட்டுக்கும்."

மில் தூசி உள்ளே கம்பளி மாதிரி படிந்திருந்தது. பிரஷ் போட்டு எடுத்து, ப்ளோயரால் ஊதி, வெயிலில் காயவைத்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். ஆன் செய்தாள். புது மிஷின் மாதிரி சத்தமில்லாமல் ஓடியது. எனக்குப் பெருமை. டீ கொடுத்தாள். டீயை வாயில் வைக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தேன்.

திரையில் இங்கிலீஷில் ஏதோ நாலு வரி. அவள் படித்துச் சொன்னாள். "தேதி பொருந்தலையாம். நெட்டுல வந்து, கேம் உங்களுதுதான்னு உறுதி பண்ணுங்கன்னு சொல்லுது."

பிறகுதான் விஷயம் புரிந்தது. கம்ப்யூட்டர் அணைந்து கிடக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது அந்தப் பட்டன் பேட்டரிதான். நான் பிடுங்கியதும் தேதி பதிமூணு வருஷம் பின்னால் போய்விட்டது. கேமுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவள் தேதியைச் சரியாகத் திருப்பி வைத்தாள். அப்படியும் கேட்கவில்லை. ஒருமுறை சந்தேகப்பட்டால் பட்டதுதான், நெட்டில் வந்து முகத்தைக் காட்டினால்தான் கதவைத் திறக்குமாம்.

நெட்டுக்கு எங்கே போவது? டவர் செத்து மூணு நாள். மாடிக்கு ஏறி போனைத் தூக்கிப் பிடித்தாள். ஒரு கோடு கூட வரவில்லை.

"நான்தாம்மா கெடுத்தேன்" என்றேன்.

"நீங்க ஈரத்தைத் தொடச்சீங்க. பூட்டுனது அவன்." அவள் திரையைப் பார்த்தபடியே பேசினாள். "ஊடு என்னுது. மிஷின் என்னுது. டப்பு குடுத்து வாங்கின கேம். நீங்க மிஷின்ல எறங்கும்போது உங்க பூட்டை மாட்டி சாவியை உங்க பாக்கெட்லதானே வச்சுக்கிறீங்க? இவன் இன்னா, என் ஊட்டு மிஷின்ல அவன் பூட்டை மாட்டிட்டு, சாவியை ஏதோ ஒரு தேசத்துல வச்சுகினு குந்தியிருக்கான்?"

ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தேன்.

கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் பண்ணும் பையனிடம் வெள்ளிக்கிழமை காலை கேட்டேன். பூட்டு உடைத்த திருட்டுக் காப்பி இருக்கிறது, பென் டிரைவில் போட்டுத் தருகிறேன் என்றான். நான் சந்தோஷமாக ஓடிவந்து சொன்னேன். சோனியா முறைத்தாள்.

"நான் இன்னா திருடியா? வாங்கினவ நான். திருட்டுக் காப்பில ஏறி ஆடினா, அவன் என்னைச் சந்தேகப்பட்டது சரின்னு ஆயிடாதா? எனக்கு என்னுது வோணும்."

கவரப்பேட்டை தாண்டி ஹைவேயில் டவர் வேலை செய்கிறது என்று லாரிக்காரர்கள் சொன்னார்கள். அங்கே அன்புசெல்வன் பஞ்சர் கடை வைத்திருக்கிறான், எனக்குத் தெரிந்தவன். பிளக் பாயின்ட் தருவான். கம்ப்யூட்டரை ஒரு கோணியிலும், டிவி மாதிரி இருக்கும் திரையை ஒரு போர்வையிலும் சுற்றினோம். கம்ப்யூட்டரை என் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் வைத்துக் கட்டினேன். சோனியா பின்னால் உட்கார்ந்து திரையை மடியில் வைத்துக்கொண்டாள். ரோட்டில் தண்ணீர் தேங்கிய இடத்தில் எல்லாம் நான் வண்டியைத் தள்ள, அவள் திரையைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஏழு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம்.

அன்புசெல்வன் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கியபடியே எங்களைப் பார்த்தான். "இன்னா ண்ணா, கம்ப்யூட்டர் பஞ்சரா?"

"காத்து இருக்குடா. வுட மாட்டேங்கிறான்" என்றேன்.

பழைய லாரி டயர் ரெண்டை அடுக்கி அதன் மேல் திரையை வைத்தோம். சோனியா போனைத் திறந்தாள். ரெண்டு கோடு வந்தது. நெட்டை கம்ப்யூட்டருக்குக் கொடுத்தாள். காற்று பிடிக்க வந்த லாரி டிரைவர் ஒருத்தர், கிளீனர், பக்கத்து இளநீர்க் கடைக்காரர் எல்லாரும் சுற்றி நின்றுவிட்டார்கள். சின்ன வட்டம் ஒன்று சுற்றிச் சுற்றி ஓடியது. பிறகு பச்சையாக ஒரு டிக் விழுந்தது.

"திறந்துகிச்சு!" என்று கத்தினேன்.

சோனியா கத்தவில்லை. டிக்குக்குக் கீழே இன்னொரு பெட்டி வந்திருந்தது. கேமுக்குப் புது வெர்ஷன் வந்திருக்கிறதாம். அதை முழுசாக இறக்கினால்தான் ஆடலாமாம். இருபத்திரண்டு ஜி.பி. இறங்க நாலு நாள் ஆறு மணி நேரம் ஆகுமாம்.

அவள் 'இப்போது வேண்டாம்' என்று எதையாவது அழுத்தலாமா என்று தேடினாள். அப்படி ஒரு பொத்தானே இல்லை. பழையதையும் ஆட விடவில்லை.

லாரி டிரைவர் கேட்டார், "இன்னாம்மா, சரியாப் போச்சா?"

"ஆங், சரியாப் போச்சு ண்ணா. கதவைத் தொறந்துட்டான். உள்ள ஊட்டை இடிச்சுக் கட்டிகினு இருக்கானாம். நாலு நாள் வாசல்ல நில்லுன்றான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்து பயந்தேன். அழுதிருந்தால் நாலு வார்த்தை ஆறுதல் சொல்லியிருப்பேன். அவள் பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுற்றினாள்.

"போதும் ண்ணா. இவன் தயவே வோணாம். இன்னும் ரெண்டு முழு நாள் இருக்கு. உங்ககிட்ட பழைய கேட்டு ரோலர் இருக்கா?"

இருந்தது. தள்ளுகிற கேட்டுக்கு அடியில் ஓடுமே, அந்தப் பள்ளம் வைத்த சக்கரம். எதற்கு என்று கேட்டேன். வண்டி ஓடும்போதே பின்னால் இருந்து சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் வீட்டுச் சுவருக்கும் எதிர் வீட்டுச் சுவருக்கும் நடுவில் துணி காயப் போடும் இரும்புக் குழாய் ஒன்று, இருபது அடி நீளம், சந்துக்குக் குறுக்கே தலைக்கு மேலே இருக்கிறது. அதன் மேல் ரோலர் ஓட வேண்டும். ரோலரிலிருந்து கயிறு. கயிற்றில் பக்கெட். ரோலரை இழுக்க இந்தப் பக்கம் ஒரு கயிறு, அந்தப் பக்கம் ஒரு கயிறு.

"டெஸ்டே பக்கெட்டுதானே ண்ணா?" என்றாள்.

ஆமாம். எங்கள் மில் டெஸ்ட் அப்படி. முன்பு இருந்த ஃபோர்மேன் ஒருத்தர் ஆரம்பித்து வைத்தது. கொக்கியில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய பக்கெட்டை மாட்டுவார்கள். ஷெட்டின் இந்த முனையில் தூக்கி, அந்த முனையில் வெள்ளை பெயிண்டில் போட்ட வட்டத்துக்குள் இறக்க வேண்டும். ஆட்டினால் சிந்தும். சிந்தினதை யாரும் மறைக்க முடியாது. எங்கள் தரையில் எப்போதும் மாவு மாதிரி இரும்புத் தூசி, ஒவ்வொரு சொட்டும் பள்ளமாகத் தெரியும்.

சனிக்கிழமை காலை நான் வெல்டிங் வைத்துக் கொடுத்தேன். அவள் சொன்னபடிதான் வைத்தேன். கயிறு இவ்வளவு நீளம், கொக்கி இந்த இடம் என்று எல்லாம் அவள் கணக்கு. நாஷ்டா கூட சாப்பிடாமல் ஆரம்பித்தாள். முதல் தடவை கயிற்றை இழுத்ததும் ரோலர் ஓடியது, பக்கெட் பின்தங்கி, பிறகு முன்னால் பாய்ந்து, பாதித் தண்ணீரை எதிர் வீட்டு ஞானம்மா வாசலில் கொட்டியது.

ஞானம்மா அக்கா வெளியே வந்தார்கள். ரெண்டு நாளாகத் தன் வீட்டுத் தண்ணீரை முறத்தால் வாரிக் கொட்டிக்கொண்டிருந்தவர்கள். "ஏன்டி சோனியா, தெருவெல்லாம் தண்ணி ரொம்பி கெடக்குது. அது போதாதுன்னு நீ பக்கெட்ல புடிச்சாந்து ஊத்தறியா?"

"கோச்சுக்காத க்கா. திங்கக்கெழம வரைக்கும்தான்."

"இது இன்னாடி வெளையாட்டு?"

"இதுவா? இது நெட் கேக்காத வெளையாட்டு க்கா."

இருபதாவது தடவைக்குள் கை படிந்துவிட்டது. லோடு முன்னால் ஓடும்போது பயந்து நிறுத்தக் கூடாது. அதன் பின்னாலேயே ரோலரை ஓட்டி, சரியாக அதன் தலைக்கு மேலே போய் நிற்க வேண்டும். அப்போது ஆட்டம் செத்துவிடும். பதினோரு மாதம் கேமில் விரலால் தட்டிக் கற்றதை இப்போது தோளால் இழுத்தாள். அதற்கும் முன்னால் ஒன்பது வருஷம் கீழே நின்று பார்த்தது இருக்கிறதே, அதை எந்தக் கம்பெனிக்காரனும் பூட்ட முடியாது.

சாயந்திரம் ராபின் அத்திப்பட்டிலிருந்து வந்தான். ஈர லுங்கியைக் கையில் வைத்துக்கொண்டு குழாயைத் தேடினான்.

"இன்னா ஜெயராஜண்ணா இது? நான் துணியை எங்க போடறது?"

"உன் சம்சாரத்தைக் கேளு."

சோனியா கயிற்றின் மறுமுனையை அவன் கையில் கொடுத்தாள். "நீதான் மோட்டாரு. நான் சொல்லும்போது இழு, சொல்லும்போது நிறுத்து."

"பதினாறு வருஷமா அதைத்தானே பண்ணிகினு இருக்கேன்" என்றான். ஆனால் லுங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் திரும்ப ஆரம்பித்தார்கள். மத்தியானம் ஞானம்மா அக்கா தன் வீட்டு வாசலில் சாக்பீசால் ஒரு வட்டம் போட்டு, "இதுல வை பாக்கலாம்" என்று முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு சொட்டு வெளியே விழுந்தாலும் சத்தம் போட்டுச் சொன்னார்கள். அவ்வளவு கறாரான சேஃப்டி ஆபீசரை நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை. அடுப்பு மூட்டிவிட்டார்கள். மேனேஜர், பாக்கியராஜ், நான், ஷிஃப்ட் ஆட்கள் முப்பது பேர். டெஸ்டுக்கு மூன்று பேர். மற்ற ரெண்டு பேரும் பாக்கியராஜிடம் பழகின ஆண்கள். அவர்களுக்கு ரெண்டாம் நம்பர் கிரேன். ஒருத்தன் கால் பக்கெட் சிந்தினான், இன்னொருத்தன் வட்டத்துக்கு வெளியே வைத்தான்.

சோனியா பெயரைக் கூப்பிட்டதும் பாக்கியராஜ் சொன்னான், "ரெண்டாம் நம்பர் லோடுக்கு வோணும் சார். சோனியாவுக்கு நாலாம் நம்பர் குடுத்துடலாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாலாம் நம்பரை ரிப்பேர் பார்க்கிறவன் நான். அதன் பிரேக் வழுக்கும். நிறுத்தினால் ஒரு அடி தள்ளித்தான் நிற்கும். "சார், இது அக்கிரமம்" என்று ஆரம்பித்தேன்.

சோனியா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். லோடை நிறுத்தச் சொல்லும் அதே கை. "இருக்கட்டும் ண்ணா. நாலாம் நம்பரே குடுங்க சார். அது ஒரு அடி தள்ளித்தான் நிக்கும்னு எனக்குத் தெரியும். எத்தினி வாட்டி நானே அந்த ஒரு அடிக்கு ஒதுங்கி நின்னிருக்கேன்."

ஏணியில் ஏறினாள். பாக்கியராஜ் பக்கத்தில் இருந்தவனிடம், எல்லாருக்கும் கேட்கும்படி, "கம்ப்யூட்டர்ல ஓட்டினவங்க கிரேன் ஓட்டலாம்னா, நான் நாளைக்கு ஏரோப்ளேன் ஓட்டறேன்" என்றான்.

"முதல்ல அந்தக் கம்ப்யூட்டர் தொறக்குதா பாருடா" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

பக்கெட்டைத் தூக்கினாள். மெதுவாகக் கிளப்பினாள். பக்கெட் பின்தங்கியது, முன்னால் வந்தது, அவள் கூடவே கிரேனை நகர்த்தி ஆட்டத்தைத் தின்றுவிட்டாள். ஷெட் பாதி தாண்டியது. வட்டத்துக்கு ஒரு அடி முன்பே கையை எடுத்தாள். நாலாம் நம்பர் தன் வழக்கப்படி வழுக்கி, நேராக வட்டத்து மேலே வந்து நின்றது. அதன் குறையையே தனக்குப் பிரேக்காக வைத்துக்கொண்டாள். பக்கெட் இறங்கி, டொக் என்று தரையில் உட்கார்ந்தது.

பாக்கியராஜ் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே வந்தான். "இங்க ஒண்ணு. இங்க ரெண்டு. தோ, மூணு, நாலு."

மேனேஜர் கேட்டார். "பாக்கியராஜ், உன் டெஸ்ட்ல எத்தனை சொட்டு?"

அவன் நிமிர்ந்தான்.

"என் ஷூவைக் கேளுங்க சார்" என்றேன். "அன்னைக்கு இதே வட்டத்துக்குப் பக்கத்துல நான் நின்னேன். சாக்ஸ் பிழிஞ்சேன்."

இந்த முறை முப்பது பேரும் சிரித்தார்கள். மேனேஜர் பேப்பரில் கையெழுத்துப் போட்டார். பாவம் பார்த்துப் போட்ட கையெழுத்து இல்லை. நாலே நாலு சொட்டு.

கீழே இறங்கியதும் சோனியா ஸ்டோருக்குப் போய் முதல் காரியமாக ஆபரேட்டர் பூட்டு கேட்டாள். கொக்கி மாட்டுகிறவர்களுக்குப் பூட்டு கிடையாது, ஆபரேட்டருக்கு உண்டு. நாளைக்கு வா என்றான் ஸ்டோர்க்காரன். அவள் நகரவில்லை. சிவப்புப் பூட்டும், பெயர் எழுதும் அட்டைக் கட்டும் கைக்கு வந்த பிறகுதான் டீ குடிக்கப் போனாள்.

டவர் வந்த பிறகு கேமும் முழுசாக இறங்கியது. திறக்கிறது, ஆடுகிறது. ஆனால் அவள் விடவில்லை. பாஸ் ஆன பிறகு உனக்கு அது எதுக்கு என்று ராபின் கூடக் கேட்டான். "வேலை முடிஞ்சா பொருள் என்னுது இல்லன்னு ஆயிடுமா?" என்றாள். நெட்டே கேட்காத காப்பி ஒன்று எனக்குக் கொடு என்று கம்பெனிக்கு எழுதினாள். அவர்கள் பதில் போட்டார்கள். நீங்கள் வாங்கியது கேம் இல்லை, கேமை ஆடுவதற்கான அனுமதி என்று. பணம் கட்டும்போது 'வாங்கு' என்றுதானே பொத்தானில் போட்டிருந்தாய் என்று இவள் திரும்ப எழுதினாள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று வந்தது.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? மில்லில் பூட்டோடு கட்டும் சிவப்பு அட்டை ஒன்றை எடுத்துக் கம்ப்யூட்டரில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். பூட்டியவர் என்ற இடத்தில் கம்பெனி பெயர். தேதி என்ற இடத்தில் அந்த வியாழக்கிழமை. காரணம் என்ற இடத்தில் 'சந்தேகம்'. சாவி இருக்கும் இடம் என்பதற்கு எதிரில், 'தெரியாது'. அதை போட்டோ எடுத்து மாதா மாதம் முதல் தேதி அவர்களுக்கு அனுப்புகிறாள். ஏழு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் நன்றி என்றுதான் வருகிறது.

"எத்தினி நாளைக்கும்மா?" என்று கேட்டேன்.

"அவன் நன்றி சொல்லி சலிக்கட்டும் ண்ணா. எனக்கு இன்னா அவசரம்?"

அட்டையில் அடிக் குறிப்பு என்ற இடத்தில் பொடி எழுத்தில் 'பேட்டரி பிடுங்கியவர்: ஜெயராஜ்' என்று எழுதியிருக்கிறாள். அதை அழி என்று கேட்டுப் பார்த்தேன். பூட்டு மாட்டினவர்தான் அட்டையை எடுக்கணும், உங்க சட்டம்தானே என்கிறாள்.

குழாயும் ரோலரும் இன்னும் சந்தில் இருக்கின்றன. வார நாளில் ராபின் லுங்கி காயும். ஞாயிற்றுக்கிழமை லுங்கியை எடுத்துவிடுவார்கள். கொக்கி மாட்டும் பெண்கள் ரெண்டு பேர் பக்கெட்டோடு வந்து நிற்கிறார்கள். அடுத்த சீட் மார்ச்சில் காலியாகிறது. ஞானம்மா அக்கா முக்காலியைப் போட்டு, சாக்பீசை எடுத்து வட்டம் போடுகிறார்கள்.